பொறுத்திருப்போம், ஆனால் சோதித்துவிட்டு

கொடிமலை ரயிலில் ஏறியவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்தில் கதவு மூடிய சில நிமிடங்களில் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் அம்மா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். எச்சிலை ஒருமுறை விழுங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம். காது திறந்துவிடும். மேலே இறங்கியதும் அதை மறந்துவிட்டுப் படம் எடுக்கப் போய்விடுவோம்.

அந்த அடைப்பு திறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அல்ல, மூன்று மாதம், ஆறு மாதம். அப்படியே பள்ளிக்குப் போக வேண்டும், ஆசிரியர் சொல்வதை எழுத வேண்டும், மலாயும் ஆங்கிலமும் புதிதாகக் கற்க வேண்டும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, காதிலிருந்து எதுவும் ஒழுகவும் இல்லை. அதனால் யாருக்கும் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் காது சரியாகக் கேட்கவில்லை என்பதே தெரியாது. உலகமே இவ்வளவு சத்தத்தில்தான் பேசுகிறது என்று அது நினைத்துக்கொள்ளும்.

நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளின் நிலை இதுதான். நீர் நாளடைவில் பசைபோல் கெட்டியாவதும் உண்டு. பள்ளிக்குச் செல்லும் வயதுக்கு முன்பே பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஒருமுறையாவது இது வந்து போகிறது என்று மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. பெரும்பாலோருக்குத் தானாகவே வற்றிவிடும். சிலருக்கு வற்றாது. அவர்களுக்காகத்தான் செவிப்பறையில் ஒரு சிறு குழாயைப் பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

இந்தக் குழாயைப்பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "காதில் கத்தி வைப்பதா? எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்பது ஒரு கட்சி. "நல்ல தனியார் மருத்துவமனையாகப் பார்த்து உடனே செய்துவிடுவோம், பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. முதல் கட்சி பயத்தில் பேசுகிறது, இரண்டாவது அவசரத்தில் பேசுகிறது. நடுவில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமல் போகிறது: இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது? அளந்து பார்த்தோமா?

காற்றும் நீரும்

படிவம் 3 அறிவியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் காதின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தேர்வுக்காகப் பெயர்களை மனனம் செய்த அந்தப் படத்தை இப்போது வேறு விதமாகப் பார்ப்போம்.

ஒலி காற்றில் வருகிறது. ஆனால் உட்காதில், நத்தைக்கூடு போன்ற காக்ளியாவுக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் அதன் ஆற்றலில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு திருப்பி அனுப்பப்படும். நீச்சல் குளத்தில் தலையை முக்கிக்கொண்டால் கரையில் நிற்பவர் கத்துவது கேட்காமல் போவது இதனால்தான்.

இந்த இழப்பை ஈடுகட்டவே நடுக்காது இருக்கிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடி எலும்பு அழுத்தும் நீள்வட்டச் சாளரத்தின் பரப்பு 3 சதுர மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். பெரிய பரப்பில் விழும் விசையைச் சிறிய பரப்பில் குவித்தால் அழுத்தம் கூடும் என்பது நீங்கள் படித்ததுதான். இங்கே அது ஏறத்தாழ 17 மடங்கு கூடுகிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகளின் நெம்புகோல் வேலை இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. மொத்தத்தில் 20 மடங்குக்கும் மேல். மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை. ஒரு பட்டாணிக்குள் அடங்கிவிடும் எலும்புகள் செய்யும் வேலை இது.

இந்தப் பொறி ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. செவிப்பறையின் இரு பக்கமும் காற்று இருக்க வேண்டும். இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சிக்கல் இல்லை. உட்பக்கத்துக்குக் காற்றைக் கொண்டுவருவது மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் யூஸ்டேஷியன் குழல். 16ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தொலோமியோ யூஸ்டாக்கியின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. சாதாரண நேரத்தில் இந்தக் குழல் மூடியிருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசை இழுத்துத் திறக்கும். கொடிமலை ரயிலில் கேட்ட அந்த 'டொக்' இதுதான். ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் 8 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. குழல் திறந்ததும் சமநிலை திரும்புகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழல் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி நீளமே இருக்கும். படுக்கைவாட்டில் கிடக்கும். சளி பிடித்தால் எளிதில் வீங்கி அடைத்துக்கொள்ளும். அதன் வாயருகே இருக்கும் அடினாய்டு சதை பெருத்தாலும் அடைப்புதான். குழல் திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் காற்றை நடுக்காதின் உட்சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தம் குறையும். செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். காற்று இருந்த இடத்தில் நீர் ஊறும். அதிர வேண்டிய பறையும் எலும்புகளும் சேற்றில் சிக்கிய சக்கரம்போல் ஆகிவிடும்.

இதனால் ஏற்படும் கேட்டல் குறைவு சராசரியாக 25 டெசிபெல் அளவில் இருக்கும். சிலருக்கு மிகக் குறைவு, சிலருக்கு இதைவிட மிக அதிகம். 25 டெசிபெல் என்றால் எப்படி இருக்கும் என்று அறிய, இரண்டு காதுகளையும் விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு யாரையாவது ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ அப்படித்தான். பேசுவது கேட்கும். ஆனால் என்ன பேசுகிறார் என்பதைப் பாதி ஊகிக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய் ஏன் உதவாது?

இங்கே பாட்டிமாருக்கு மரியாதையோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெயைக் காதில் விட்டால் அது செவிப்பறையோடு நின்றுவிடும். நீர் இருப்பது பறைக்கு அந்தப் பக்கம். மூடிய கதவுக்கு வெளியே மருந்து தெளிப்பதுபோன்ற செயல் இது. பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தாலோ எண்ணெய் உள்ளே போய்த் தொல்லையைக் கூட்டும். பஞ்சுக் குச்சியும் அப்படியே. அது எடுக்கும் குறும்பியைவிட உள்ளே தள்ளும் குறும்பி அதிகம்.

நவீன மருந்துகளும் இங்கே பெரிதாக உதவுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம். வலியும் காய்ச்சலுமாக வரும் நடுக்காது அழற்சி வேறு. அதற்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் வலியில்லாமல் தங்கிவிட்ட நீருக்கு நுண்ணுயிர்க்கொல்லி, ஒவ்வாமை மாத்திரை, மூக்கடைப்பு மருந்து, ஸ்டீராய்டு எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2016இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி தெளிவாகச் சொன்னது. ஆகவே கிளினிக்கில் மருத்துவர் மருந்து எழுதாமல் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பினால், அவர் அக்கறையில்லாதவர் என்று கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்கைத் தேடிப் போக வேண்டாம். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

துளையிட்டவர்கள்

பறையில் துளையிட்டால் காற்று உள்ளே போகுமே என்ற எண்ணம் புதிதல்ல. லண்டன் மருத்துவர் ஆஸ்லி கூப்பர் 200 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து பார்த்தார். சில நோயாளிகளுக்கு அந்த இடத்திலேயே காது கேட்டது. 1801இல் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. செய்தி பரவியதும் எல்லா வகைக் காது கேளாமையும் கொண்டவர்கள் அவரிடம் ஓடிவந்தார்கள். ஆனால் செவிப்பறை உயிருள்ள சவ்வு. துளை சில நாள்களிலேயே மூடிக்கொண்டது. நரம்பில் குறை உள்ளவர்களுக்கோ துளையால் எந்தப் பயனும் இல்லை. கூப்பர் கடைசியில் அந்தச் சிகிச்சையையே கைவிட்டார். சரியான மருந்தைத் தவறான ஆளுக்குக் கொடுத்தால் மருந்தின் பெயர் கெடும் என்பதற்கு இது பழைய உதாரணம்.

மூடிக்கொள்ளும் துளையைத் திறந்தே வைத்திருக்க, 1860களில் வியன்னாவின் ஆடம் போலிட்சர் கெட்டி ரப்பரால் ஆன சிறு வளையத்தைப் பொருத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. பிறகு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, 1954இல், அமெரிக்காவின் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் மெல்லிய வினைல் குழாயைப் பொருத்தி வெற்றி கண்டதாக எழுதினார். இன்றைய குழாய்கள் அதன் வாரிசுகள். துளையின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மயக்க மருந்து கொடுத்து, நுண்ணோக்கி வழியே பறையில் சிறு கீறல் போட்டு, நீரை உறிஞ்சி எடுத்து, குழாயைச் செருகுவார்கள். கால் மணி நேர வேலை. அடைபட்ட யூஸ்டேஷியன் குழலுக்குப் பதிலாகக் காற்று இந்தப் புது வாசல் வழியே போய்வரும். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் பறை வளர்ந்து குழாயைத் தானே வெளியே தள்ளிவிடும். பெரும்பாலும் துளையும் மூடிவிடும்.

அமெரிக்காவில் மட்டும் ஓராண்டில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் 6 லட்சத்து 67 ஆயிரம் பேருக்கு இது செய்யப்பட்டதாக 2006ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று சொல்கிறது. இவ்வளவு பேருக்கும் இது தேவைதானா?

பிட்ஸ்பர்க் கற்றுக்கொடுத்த பாடம்

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜேக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் விடை தேடினார். "நீர் கோத்தால் காது கேட்காது, கேட்காவிட்டால் பேச்சு வராது, பேச்சு வராவிட்டால் படிப்பு வராது, ஆகவே உடனே குழாய் வை" என்பதுதான் அன்றைய நம்பிக்கை. கேட்பதற்குச் சங்கிலி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவியலில் சரியாகத் தோன்றுவது போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய குழு 6,350 கைக்குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களிலிருந்தே தொடர்ந்து கவனித்தது. நீர் நீண்ட நாள் தங்கிய 429 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே குழாய். இன்னொரு குழு ஒன்பது மாதம் வரை காத்திருந்து, நீர் அப்போதும் இருந்தால் குழாய். பிறகு 3 வயதில், 4 வயதில், 6 வயதில், கடைசியாக 9 முதல் 11 வயதில் பேச்சு, மொழி, வாசிப்பு, நடத்தை, அறிவுத்திறன் எல்லாவற்றையும் அளந்தார்கள். 2001 முதல் 2007 வரை முடிவுகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. காத்திருந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு 3 வயதுவரை அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை.

இன்னொரு ஆய்வு 2021இல் வந்தது. அடிக்கடி நடுக்காது அழற்சி வரும் 250 பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குழாயும் பாதிப் பேருக்கு வரும்போதெல்லாம் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில், குழாய் வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு 1.48 முறையும் மற்றவர்களுக்கு 1.56 முறையும் அழற்சி வந்தது. பெரிய வேறுபாடு என்று சொல்ல முடியாது.

இதைப் படித்ததும் "அப்படியானால் குழாயே வீண்" என்று முடிவுகட்டினால், நாம் கூப்பரின் நோயாளிகளைப்போல் மறுபக்கத்துக்கு ஓடுகிறோம் என்று பொருள். ஓர் ஆய்வு யாரை வைத்துச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்க் பிள்ளைகள் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். அண்ணப் பிளவு, டவுன் நோய்க்குறி போன்ற நிலைகளோடு பிறந்த பிள்ளைகள் அதில் இல்லை. அண்ணப் பிளவு உள்ளவர்களுக்குக் குழலைத் திறக்கும் தசையே சரியாக இயங்காது; நீர் தானாக வற்றும் என்று காத்திருப்பது அவர்களுக்கு நீண்ட தண்டனையாகிவிடலாம். மேலும், அந்த ஆய்வில் காத்திருந்தவர்கள் சும்மா விடப்படவில்லை. அவர்களின் காதுகளைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருந்தார்கள். கண்காணிப்பு இல்லாத காத்திருப்பு பாதுகாப்பானது என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

குழாய் என்ன தரும் என்பதும் இன்று தெரிந்ததுதான். முதல் ஆறு மாதங்களில் நன்றாகக் கேட்கும். ஓராண்டு ஆகும்போது குழாய் வைக்காதவர்களுக்கும் நீர் வற்றிவிடுவதால் இடைவெளி மறைந்துவிடும். விலையும் உண்டு: மயக்க மருந்து, சிலருக்குக் காதிலிருந்து ஒழுகல், பறையில் தழும்பு, மிகச் சிலருக்கு மூடாத துளை. ஆகவே குழாய் வைப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. அடுத்த ஆறு மாதம் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு முக்கியம், இப்போது அதற்கு எவ்வளவு கேட்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்று மொழிப் பிள்ளை

அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் விஷயத்தில் தனிக் கனம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

பிட்ஸ்பர்க் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மூன்று மொழி, பக்கத்து வீட்டில் ஹொக்கியன். தெரிந்த மொழியில் ஒரு சொல் பாதி கேட்டாலும் மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். புது மொழியில் நிரப்புவதற்கு உள்ளே சரக்கு இருக்காது. மலாயில் 'மாசா' என்றால் நேரம், 'மாசாக்' என்றால் சமை. அந்த ஈற்று ஒலி நல்ல காதுக்கே மெல்லியது.

தமிழும் இங்கே சளைத்ததல்ல. போனான், போனாள், போனார்: யார் போனது, ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா என்ற செய்தி முழுதும் கடைசி ஒலியில் இருக்கிறது. நாம் பேசும்போது குரல் தணிவதும் சொல்லின் கடைசியில்தான். நடுக்காதில் நீர் உள்ள பிள்ளைக்கு முதலில் தொலைவது அந்த வால்தான். மேலே மின்விசிறி சுழல, வெளியே பேருந்து உறும, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இந்த மும்மொழிச் சூழலை எந்தக் குலுக்கல் ஆய்வும் அளந்ததாகக் காட்டி நான் வாதிடவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் மருத்துவரிடம் போகும்போது "வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி" என்பதைச் சொல்ல வேண்டும் என்று கேட்க இந்த ஊகம் போதும்.

இந்தப் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் பெயர்கள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. "கவனம் இல்லாதவன்", "சொன்ன பேச்சைக் கேட்காதவள்", "மந்தம்". நீர் கூடிக் குறையும் தன்மை உடையது என்பதால், திங்கட்கிழமை கேட்ட பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கேட்காது. "வேண்டுமென்றால் கேட்கிறது, வேண்டாமென்றால் கேட்கவில்லை" என்று அதற்கும் ஒரு குற்றச்சாட்டு எழும்.

தஞ்சோங் பூங்காவை நினைத்துக்கொள்வோம்

ஆர்ம்ஸ்ட்ராங் தம் வினைல் குழாயைப்பற்றி எழுதிய அதே 1954இல், நம் பினாங்கில், தஞ்சோங் பூங்காவில், காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. நாட்டில் இவ்வகையில் அதுவே முன்னோடி. அந்நாளில் உலகின் பல நாடுகளைப் போலவே இங்கேயும், உதட்டசைவைப் படித்து வாயால் பேசப் பழக்குவதுதான் பாடமுறை. ஆனால் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டார்கள். அது வளர்ந்து ஒரு முழு மொழியாயிற்று. இன்றும் அதற்குப் பினாங்கு சைகைமொழி என்றே பெயர். பெரும்பாலும் மூத்த தலைமுறையினர் அதைப் பேசுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் நிலை வேறு, நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுடையது நிலையான கேளாமை; குழாயால் மாறக்கூடியதல்ல. அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களிடமிருந்து கற்க ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தால், ஒரு பள்ளி எழுகிறது, ஒரு மொழி பிறக்கிறது, வழி உண்டாகிறது. பாதி கேட்கும் பிள்ளைக்கு எதுவும் உண்டாவதில்லை. அதற்காக யாரும் மெதுவாகப் பேசுவதில்லை, முன்வரிசையில் இடம் கொடுப்பதில்லை. அது கேட்கிற பிள்ளைகளின் கூட்டத்தில் தனியாக நிற்கிறது.

என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்டல் சோதனை. தம்பியோ தங்கையோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அடிக்கடி "ஆங்?" என்றால், முதுகுப்புறமிருந்து அழைத்தால் திரும்பாவிட்டால், சளி விட்ட பின்னும் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் வீட்டில் சொல்லுங்கள். சின்னப் பிள்ளையின் அருகில் அதிக நேரம் இருப்பது பல வீடுகளில் அண்ணனும் அக்காவும்தான். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். தேவையென்றால் அங்கிருந்து காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள். அங்கே இரண்டு சோதனைகள் நடக்கும். செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று காற்றழுத்தத்தை மாற்றி அளப்பது ஒன்று. நல்ல காதுக்கு மலைபோன்ற வளைகோடு வரும், நீர் நிறைந்த காதுக்குத் தட்டையான கோடு வரும். எந்த ஒலி எவ்வளவு மெல்லியதுவரை கேட்கிறது என்று அளப்பது மற்றது. இரண்டிலும் ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

இரண்டாவது, சோதனைக்குப் பிறகு மூன்று மாதப் பொறுமை. இந்த மூன்று மாதம் சும்மா இருக்கும் காலமல்ல. பிள்ளையை வகுப்பில் முன்னால் உட்காரவைக்க வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். வீட்டுக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது. புகை இந்த நோயைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. மூக்கால் பலூன் ஊதும் பயிற்சியும் உண்டு. இங்கிலாந்தில் 4 முதல் 11 வயதுவரை உள்ள 320 பிள்ளைகளிடம் சோதித்தபோது, மூன்று மாதத்தில் பலூன் ஊதியவர்களில் 49.6 விழுக்காட்டினருக்கும் ஊதாதவர்களில் 38.3 விழுக்காட்டினருக்கும் காது சீராகியிருந்தது. 2015இல் வெளியான முடிவு இது. மாயம் இல்லை, ஆனால் கத்தியும் இல்லை. இதற்கென்றே செய்த பலூன் வேண்டும் என்பதால் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, மீண்டும் சோதனை. இரண்டு காதிலும் நீர் மூன்று மாதத்துக்கு மேல் தங்கி, கேட்டலும் குறைந்திருப்பது அளவில் தெரிந்தால், பயப்படாமல் குழாயைப்பற்றிப் பேசலாம். அப்போது "காதில் கத்தியா?" என்று மறுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். குழாய் வைத்தால் பத்து பெரிங்கி கடற்கரைக்கே போகக் கூடாது என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் காதடைப்பான் கட்டாயமில்லை என்றுதான் இன்றைய வழிகாட்டிகள் சொல்கின்றன. உங்கள் மருத்துவர் வேறு காரணம் சொன்னால் அதைக் கேளுங்கள்.

நான்காவதாக ஒன்று. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு வரிசை நீளமாக இருக்கலாம். காத்திருக்கும் காலத்தில் நீர் வற்றியிருக்கவும் கூடும். ஆகவே அறுவை நாளுக்கு முன் காதை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை. தனியார் மருத்துவமனைகளுக்குப் பெயர்போன ஊர் நம்முடையது. மேடானிலிருந்து விமானம் ஏறி இங்கே சிகிச்சைக்கு வருகிறார்கள். பணம் இருந்தால் நாளைக்கே அறுவை செய்துகொள்ளலாம் என்ற வசதியே சில நேரம் நம்மை அவசரப்படுத்தும். கேட்டல் சோதனையின் தாளைக் கையில் வாங்காமல் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதே பெற்றோருக்கு என் வேண்டுகோள். அந்தத் தாளைப் படித்துச் சொல்ல அறிவியல் படிக்கும் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரே காதில் மட்டும் நீர் கோத்து வற்றாமல் இருந்தால் பொறுத்திருக்கக் கூடாது. மூக்கின் பின்புறத்தில் வரும் புற்றுநோய்க்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். மலேசியச் சீனர்களிடம் அந்த நோய் அதிகம் காணப்படுகிறது. உங்கள் நண்பரின் தாத்தா அப்படிச் சொன்னால் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.

அடுத்த முறை கொடிமலை ரயிலில் காது அடைக்கும்போது உடனே எச்சில் விழுங்காதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே நின்று, சுற்றி இருப்பவர்கள் பேசுவதைக் கேட்க முயலுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், உங்கள் தம்பியின் பின்னால் நின்று மெதுவாக அவன் பெயரைச் சொல்லி அழையுங்கள். அவன் திரும்புகிறானா என்று பாருங்கள்.